பந்தியில் ஓர் ஊசி

ஒரு குழந்தை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தால், நீங்கள் முதலில் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? யோசித்துச் சொல்ல வேண்டாம், வாயில் வருவதைச் சொல்லுங்கள். தாய்க்காரி ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டாள். இதைத்தானே சொன்னீர்கள்? குமரி மாவட்டத்தில் கோயிலுக்குப் போகிறவரும் சர்ச்சுக்குப் போகிறவரும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இதுதான். நம்மிடம் சாதி, மதம் கடந்த சமத்துவம் ஏதாவது இருக்கிறதென்றால் அது தாயைத் திட்டுவதில் இருக்கிறது.

அந்த ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்த நர்ஸ் ஒருவரின் கதை இது.

ஜெயபாய்க்குச் சொந்த ஊர் மயிலாடிப் பக்கம். தெருவில் பாதி வீடுகளில் கல் கொத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே படித்துத் தேறியதால்தான் குழந்தைகள் வார்டின் இரைச்சல் தன்னை ஒன்றும் செய்வதில்லை என்று சிரிப்பார். நர்ஸிங் முடித்து ரியாத்தில் சில காலம் வேலை பார்த்தார். கூடப்போனவர்கள் அங்கிருந்து அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று பறக்க, இவர் மட்டும் ஊருக்குத் திரும்பி நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் சேர்ந்தார். கணவர் செல்வதாஸ் வடசேரியில் பைக் மெக்கானிக். நாற்பதைத் தாண்டிய பிறகு ஜெயபாய் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தபோது சொந்தபந்தம் கூடிச் சிரித்தது. ஊசி போடுவதற்கு எதற்கு டாக்டர் பட்டம் என்று செல்வதாஸின் அண்ணன் கேட்டார். கையில் கிரீஸைத் துடைத்துக்கொண்டே செல்வதாஸ் சொன்னாராம்:

"இப்ப அவ ஊசி போட்டா பிள்ள அழாது. படிச்சிட்டுப் போட்டா தள்ளையும் அழாதாக்கும்." தள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் தாய்.

எடுத்துக்கொண்ட தலைப்பு, சர்க்கரை நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்கள். இது பெரியவர்களுக்கு வயதோடு வருகிற சர்க்கரை நோய் அல்ல. குழந்தையின் உடல் தன் இன்சுலின் சுரப்பைத் தானே அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதில்லை, தாய் கர்ப்பத்தில் எதையோ தின்றதாலும் வருவதில்லை, முன்ஜென்மப் பாவத்தாலும் வருவதில்லை. இந்த மூன்றையும் இன்றைக்கும் மேடை போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் கேவலம். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் ஊசி போட வேண்டும், ஆயுள் முழுக்க. ஒரு வேளை தவறினால் சர்க்கரை ஏறும். இரண்டு மூன்று வேளை தொடர்ந்து தவறினால் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம், அப்புறம் வார்டு. அதற்கு மேலும் தாமதித்தால் சுடுகாடு.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான பேராசிரியை கொடுத்தது வெளிநாட்டில் தயாரித்த கேள்வித்தாளின் தமிழாக்கம். குழந்தையின் நோயால் உங்கள் குடும்பம் விடுமுறைச் சுற்றுலாவை ரத்து செய்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. திற்பரப்பு அருவியை ஒரே ஒரு தடவை பார்த்த தாய்மார்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே பதில்தான்: ஒண்ணும் பிரச்னை இல்ல சிஸ்டர். மனச்சோர்வு உண்டா? இல்ல சிஸ்டர். உறவினர் ஒதுக்குகிறார்களா? இல்ல சிஸ்டர். கல்யாணம், காட்சிக்குப் போகிறீர்களா? எல்லாத்துக்கும் போவோம் சிஸ்டர். வார்டில் வெள்ளை உடையில் நிற்கிற ஒருத்தியிடம், நாளைக்குத் தன் பிள்ளைக்கு ஊசி போடப்போகிறவளிடம், எந்தத் தாய் மனக்குறையைச் சொல்வாள்? தாளில் இருந்த கணக்கின்படி குமரி மாவட்டத்துத் தாய்மார்களைப் போல நிம்மதியானவர்கள் உலகத்தில் இல்லை. ஜெயபாய்க்கு அந்த நிம்மதியில் நம்பிக்கை வரவில்லை.

ஏனென்றால் வார்டில் நடப்பது வேறு. ஆவணியிலும் தை மாதத்திலும் இந்தக் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக மயக்கத்தில் வந்து விழுவார்கள். கல்யாண மாதங்கள். இலையில் அடைப்பிரதமன், அதன் பின்னால் போளியோடு பால் பாயசம். நர்ஸுகள் அதற்குப் 'பாயச சீசன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். டாக்டர்களும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளையின் நாக்கைக் கட்டத் தெரியாத தாய்கள் என்பதே எல்லாருடைய முடிவும். ஜெயபாயும் தாய்மார்களைக் கூப்பிட்டு, பாயசம் கொடுக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். அவர்களும் தலையாட்டினார்கள். அடுத்த சீசனும் வந்தது.

அப்படி ஒரு தை மாதத்தில், பதினொரு வயது ரெனிஷா மூன்றாவது முறையாக வந்து சேர்ந்தாள். அப்பா அபிலாஷ் மஸ்கட்டில் எலக்ட்ரீசியன். வீட்டில் அம்மா பூங்கனியும் அவளும்தான். பக்கத்து வீட்டில் அபிலாஷின் அண்ணன் ராஜகுமார், மண்டைக்காடு போகிற சாலையில் கம்பி, சிமெண்ட் கடை வைத்திருப்பவர். குழந்தை பிழைத்துக்கொண்டது. டாக்டர் கேஸ் ஷீட்டில் 'தாயின் கவனக்குறைவு' என்று எழுதினார். முந்தைய இரண்டு தடவையும் அதையேதான் எழுதியிருந்தார்.

அந்த இரண்டு வார்த்தை பூங்கனியின் தலையில் இடியாக விழுந்தது. ராஜகுமார் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். டாக்டரே எழுதிவிட்டார், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார். பிள்ளையின் படிப்பை நிறுத்தி வீட்டோடு வைத்துக்கொள்வது, தன் மனைவியின் பார்வையில் வளர்ப்பது, வெளியில் எங்கும் கூட்டிப்போகாமல் இருப்பது என்று தீர்மானம் சொன்னார். பள்ளியில் ஒரு நாள் மயங்கி விழுந்து ஊர் முழுக்கத் தெரிந்துபோனால் என்ன ஆவது? அவருடைய சொந்த மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் ஊசி போடுகிற பெண் இருக்கிறாள் என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளை வீட்டார் படியேறுவார்கள்? பிள்ளையின் உயிரைப் பற்றிய அக்கறை போல் பேசினாலும், உள்ளே கிடந்த கணக்கு இதுதான். வருகிற ஜூனில் ரெனிஷாவைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை என்று முடிவானது. அவள் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வருகிறவள்.

பூங்கனி இதையெல்லாம் ஜெயபாயிடம் சொன்னது அழுதுகொண்டு அல்ல, கோபமாக. அன்றுதான் ஜெயபாய் கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஆராய்ச்சிப் புத்தகங்களில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அடுத்த கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியளா?"

பேராசிரியையிடம் அனுமதி கேட்டபோது, சாப்பாட்டுக்குப் போவதற்குமா பிஎச்.டி. கொடுக்கிறார்கள் என்று அவர் கிண்டல் செய்தார். ஆனாலும் முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பூங்கனியின் கூடப் படித்த அக்கா என்ற பெயரில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஜெயபாய் அபிலாஷின் ஒன்றுவிட்ட தங்கை கல்யாணத்துக்குப் போனார்.

தாலி கட்டியதும் கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பாய்ந்தது. நம் ஊர்ப் பந்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்று, அவர் எப்போது மோர் குடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ராஜகுமார் அப்படி நின்று இடம் பிடித்துவிட்டு, வாங்க, வாங்க என்று கையை ஆட்டினார். பூங்கனியின் கைப்பையில் இன்சுலின் பேனா, அதாவது பேனா வடிவ ஊசி, இருந்தது. சாப்பிடுவதற்கு முன்னால் போட வேண்டும். அவள் மணப்பெண்ணின் அறைப் பக்கம் போனாள். உள்ளே நகைப்பெட்டி இருந்ததால் வாசலில் ஒரு அத்தை காவல் நின்றாள், யாரையும் விடவில்லை. கழிவறைக்குப் போனாள். வரிசை. உள்ளே கணுக்கால் தண்ணீர், பல்பு கிடையாது. மாடிப்படியில் மாப்பிள்ளையின் நண்பர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ராஜகுமாரின் குரல் மறுபடியும் கேட்டது. பூங்கனி திரும்பி வந்தாள்.

"வீட்டுக்குப் போய்ப் போடலாம், மக்கா."

ரெனிஷா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பழகிய முகம். இலை போட்டார்கள்.

ஜெயபாய்க்கு அந்த இடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டுக்குப் போவது எப்போது? சாப்பிட்டு, படம் எடுத்து, பெண்ணை அனுப்பி, இரண்டு பஸ் மாறி. முந்தின நாள் சாயங்காலம் கல்யாண வீட்டு விருந்திலும் இதே கதை நடந்திருக்கும். காலைப் பலகாரத்துக்கும் நடந்திருக்கும். குற்றவாளி பாயசம் அல்ல. கணக்குப்படி ஊசி போட்டுக்கொண்டால் இந்தப் பிள்ளை எல்லாரையும் போல ஒரு கரண்டி பிரதமன் சாப்பிடலாம். போடப்படாத ஊசிதான் வார்டுக்கு அனுப்புகிறது. ஊசி போடத் தெரியாததால் அல்ல, மறந்ததால் அல்ல. இத்தனை பெரிய மண்டபத்தில், இத்தனை வெளிச்சத்தில், ஒரு குழந்தைக்கு ஒளிந்துகொள்ள இடமில்லாததால்.

பிள்ளையை அப்படியே சாப்பிட விட முடியாது. கை கழுவிவிட்டு வருகிறோம் என்று சொல்லி, ஜெயபாய் பூங்கனியின் கைப்பையையும் ரெனிஷாவின் கையையும் பிடித்துக்கொண்டு எழுந்தார். சமையல்கட்டுக்குப் பின்னால், வாழையிலைக் கட்டுகள் அடுக்கியிருந்த இடுக்கில் வைத்து ஊசியைப் போட்டார். வெளியே வரும்போது ரெனிஷா கேட்டாள்:

"ஆன்ட்டி, நீங்க நர்சுதானே. நீங்க எதுக்கு ஒளியிதிய?"

இருபது வருஷ அனுபவம் உள்ள நர்ஸ், ஒரு உயிர் மருந்தைக் கள்ளச்சாராயம் போல மறைத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் குடும்பத்தின் மானத்துக்குப் பயந்து. தோள்சீலை போடும் உரிமைக்காகச் சந்தையில் அடிவாங்கியும் நிமிர்ந்து நின்ற பெண்களின் மண் இது. அவர்கள் வழிவந்த நாம் ஒரு ஊசியை மறைக்க இலைக்கட்டுக்குப் பின்னால் குனிகிறோம். எதற்கு? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்கு. அந்த நாலு பேரில் ஒருவன் வந்து வார்டில் ராத்திரி விழித்திருந்ததுண்டா?

திங்கட்கிழமை ஜெயபாய் புதிதாகத் தொடங்கினார். வெள்ளை உடையை விட்டுவிட்டு, சேலையில் வீடு வீடாகப் போனார். தக்கலை, குளச்சல், ஆரல்வாய்மொழி என்று எல்லாப் பக்கமும். பழைய கேள்விகள் எதையும் கேட்கவில்லை. கடைசியாகப் போன கல்யாணத்தில் ஊசியை எங்கே வைத்துப் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒன்றும் பிரச்னை இல்லை என்று சொன்ன அதே தாய்மார்கள், அணை திறந்தது போலப் பேசினார்கள். ஒருத்தி ஜெனரேட்டர் அறையில் போட்டிருந்தாள். ஒருத்தி வேனுக்கு அடியில் குனிந்து. ஒரு தகப்பன் மகனை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய், பாம்பைப் பார்த்து ஓடிவந்திருந்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னது: போடல்லக்கா. அவர்கள் வாயில் சிஸ்டர் அக்காவானதை ஜெயபாய் தன் ஆய்வேட்டில் ஒரு முடிவாகவே எழுதியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியின் மாதாந்தரக் கூட்டத்தில் இதை வைத்தபோது அறை முழுக்க டாக்டர்கள். ஒரு மூத்தவர், இதெல்லாம் பெண்கள் பேசுகிற கதை, விஞ்ஞானம் அல்ல என்றார். ஜெயபாய் சண்டைக்குப் போகவில்லை. வார்டுக்கு வந்த குழந்தைகளின் பட்டியலையும், வருவதற்கு முந்தின இரண்டு நாளில் அந்தக் குடும்பம் எங்கே இருந்தது என்பதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். கல்யாண மண்டபம், கல்யாண மண்டபம், கல்யாண மண்டபம். தவறிய ஊசிகளின் கணக்கை அதற்குப் பக்கத்தில் போட்டார். பாயசம் சாப்பிட்டும் ஊசி தவறாத பிள்ளைகள் எவரும் வார்டுக்கு வரவில்லை. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெனிஷாவின் டாக்டர் எழுந்தார்.

"அப்ப நான் 'தாயின் கவனக்குறைவு'ன்னு எழுதின இடத்துல என்ன எழுதணும்?"

"ஊசி போட இடம் இல்லைன்னு எழுதுங்க சார்."

அவர் எழுதினார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். தவறைத் திருத்திக்கொள்கிற டாக்டர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்று தடவையும் எழுதியதை அடித்து, கையெழுத்துப் போட்டு, பூங்கனியைக் கூப்பிட்டு நேரில் மன்னிப்புக் கேட்டார்.

பூங்கனி அன்றைக்கே புருஷனுக்கு வீடியோ கால் போட்டாள். ஜெயபாய் பக்கத்தில் இருந்தார். அபிலாஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு தன் அறையில் தங்கியிருக்கிற ஒரு கொல்லத்துக்காரரைப் பற்றிச் சொன்னார்.

"இங்க அந்தாளு சோறு வெளம்பின பொறவு, டேபிள்ல இருந்தே வயித்துல குத்துவாரு. ஒருத்தனும் ஏறிட்டுப் பாக்க மாட்டான். நம்ம ஊருல மட்டும் என்னத்துக்காக்கும் இந்தக் கூத்து? எனக்க மோளு பள்ளிக்கூடம் போவட்டு."

அண்ணனிடம் அவரே போனில் பேசினார். ராஜகுமார் ஒப்புக்கொள்ளவில்லை. மகளின் நிச்சயதார்த்தம் முடிகிறவரையாவது பொறுக்கச் சொன்னார். பிள்ளை பள்ளிக்குப் போகட்டும், ஆனால் நிச்சயதார்த்தத்தில் வாயைத் திறக்கக் கூடாது, பையைத் திறக்கக் கூடாது. அப்படித்தான் பேச்சு முடிந்தது.

அந்த நிச்சயதார்த்தத்துக்கு, கூடப் படித்த அக்கா என்ற பழைய பெயரிலேயே, பூங்கனி ஜெயபாயையும் அழைத்திருந்தாள். முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் எதிர்ப்பக்கம். பூங்கனி எழுந்திருக்கப் போனாள். ரெனிஷா அவள் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, அளவைத் திருகி, சட்டையை லேசாகத் தூக்கி, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே குத்திக்கொண்டாள். மருந்து முழுக்க இறங்கும்வரை, பத்து வரை வாய்விட்டு எண்ணினாள். ஊசியை எடுத்த பிறகு பருப்பில் நெய் ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினாள்.

பந்தி அப்படியே நின்றது. சாம்பார் வாளியோடு வந்தவர் நின்றார். ராஜகுமாரின் முகத்தில் ரத்தம் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, கொலுசுக்கடைக் குடும்பம், பெரிய மனுஷி, ரெனிஷாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இன்சுலினா, பிள்ளே?"

"ஆமா ஆன்ட்டி."

"வலிக்காதா?"

"பழகிப்போச்சு. மறைச்சாத்தான் வலி."

அந்த அம்மாள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மடியில் இருந்த பர்ஸைத் திறந்து, அதே நீல நிறப் பேனா ஒன்றை வெளியே எடுத்தார். வருஷக்கணக்காகத் தனக்கும் ஊசிதான் என்றும், பெண் பார்க்க வந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று தான் பட்ட பாடு கொஞ்சமில்லை என்றும், இன்றைக்கும் வீட்டுக்குப் போய்ப் போடலாமென்று இருந்ததாகவும் சொன்னார். இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே மருந்தை ஒளித்து வைத்துக்கொண்டு, தட்டு மாற்றியிருக்கின்றன. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்த சோசியருக்கு இந்தப் பொருத்தம் மட்டும் எட்டவில்லை.

"ஏட்டி, எனக்குக் கண்ணு சரியா தெரியாது. அளவ நீ பாத்து வச்சித் தா" என்று அவர் பேனாவை ரெனிஷாவிடம் நீட்டினார். அவள் எத்தனை என்று கேட்டு, வைத்துக் கொடுத்தாள். சாம்பார் வாளி நகர்ந்தது. பந்தி மறுபடியும் இரையத் தொடங்கியது. சம்பந்தம் முறியவில்லை.

ஜூனில் ரெனிஷா ஏழாம் வகுப்புக்குப் போனாள். மத்தியானம் வகுப்பிலேயே ஊசி போட்டுக்கொள்கிறாள். முதல் வாரம் வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது அது டிபன் பாக்ஸைத் திறப்பது போலத்தான். ஆவணியில் ராஜகுமாரின் மகள் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் பெண்ணின் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறையைத் திறந்து, விளக்கும் நாற்காலியும் போட்டு வைக்கச் சொன்னவர் ராஜகுமார்தான். தன் மகளின் மாமியாருக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டார். அன்று அந்த அறைக்குள் நுழைந்தவர்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சொந்தபந்தத்தில் எத்தனை பேர் எத்தனை காலமாக ஒளிந்திருக்கிறார்கள் என்று. ரெனிஷா அங்கே போகவில்லை. அவள் இலைக்கு முன்னாலேயே போட்டுக்கொண்டாள்.

பாயசத்தை விடுங்கள், ஊசிக்கு முன்கூட்டியே இடம் பேசி வையுங்கள் என்று ஜெயபாய் எல்லாத் தாய்மார்களிடமும் சொல்லியிருந்தார். அந்த ஆவணியில் அவருடைய ஆய்வில் இருந்த குடும்பங்களிலிருந்து ஒரு குழந்தைகூடக் கல்யாண வீட்டிலிருந்து வார்டுக்கு வரவில்லை. பாயச சீசன் என்ற பெயரை இப்போது அந்த ஆஸ்பத்திரியில் யாரும் சொல்வதில்லை. ஆய்வேடு ஏற்கப்பட்டது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர், இதை எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று கேட்டாராம். பந்தியில் உட்கார்ந்து, என்றாராம் டாக்டர் ஜெயபாய். செல்வதாஸ் கடையை ஒரு நாள் பூட்டிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

இதை எழுதுவதற்கு முன்னால் பெயர்களை மாற்றட்டுமா என்று கேட்டேன். எதுக்கு மாத்தணும் என்று ரெனிஷா திருப்பிக் கேட்டாள். பூங்கனியும் ஜெயபாயும் சிரித்தார்கள்.

இனி உங்கள் வேலை. உங்கள் வீட்டில் அடுத்த விசேஷத்துக்கு மண்டபம் பேசப் போகிறபோது, ஏசி இருக்கிறதா, கார் நிறுத்த இடமிருக்கிறதா என்று கேட்பீர்கள். கூடவே ஒரு அறையும் கேளுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். விளக்கு, நாற்காலி, கை கழுவத் தண்ணீர், தாழ்ப்பாள். இல்லையென்று சொன்னால் வேறு மண்டபம் பாருங்கள். அறை வேண்டாம் என்று உங்கள் பக்கத்து இலையில் ஒரு பிள்ளை ஊசியை எடுத்தால், அவள் அம்மாவிடம் ஒன்றும் கேட்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, சோற்றைப் பிசையுங்கள்.